கொழுந்துக் கூடையும் புத்தகப் பையும்

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியோரத்திலே காலை ஆறரை மணியளவில் நின்று பார்ப்போருக்கு ஒரு காட்சி தவறாது கிட்டும். மலைச் சரிவில் இறங்கும் ஒற்றையடிப் பாதையில், தலையிற் கூடைக் கயிற்றை மாட்டிய தாய்மார் பெரட்டுக் களத்தை நோக்கி மேலே ஏறிச் செல்வர். அதே பாதையில் வெள்ளைச் சீருடை அணிந்த பிள்ளைகள் பஸ்ஸைப் பிடிப்பதற்காகக் கீழே இறங்கி வருவர். இரு கூட்டத்தாரும் எதிர்ப்படும் இடத்தில் ஒரு தாய் கணப்பொழுது நின்று, மகளின் கழுத்துப்பட்டியை நேராக்கிவிட்டு, மீண்டும் தன் வழியே நடப்பாள். அவள் ஏறுவது அன்றைய சோற்றுக்காக. மகள் இறங்குவது நாளைய வாழ்வுக்காக. இவ்விரண்டுக்கும் இடையேயுள்ள தொடர்பு யாது என்பதே இவ்வாரம் நாம் ஆராயப் புகும் பொருள்.

"பிள்ளைகள் நன்றாகப் படித்தால் வறுமை தானே ஒழியும்" என்பார் ஒரு சாரார். "வயிறு நிறையாதவனுக்குப் பாடம் ஏறுமா? முதலில் வறுமையை ஒழியுங்கள்; படிப்புப் பின்னர் வரும்" என்பார் மற்றொரு சாரார். இரு கூற்றிலும் உண்மை உண்டு. இரண்டும் தனித்து நின்றால் அரை உண்மையே. திருவள்ளுவர் கல்வி என்னும் அதிகாரத்தை அறத்துப்பாலில் வைத்தாரல்லர்; பொருட்பாலில் வைத்தார். நல்குரவு என்னும் அதிகாரத்தையும் அதே பொருட்பாலில்தான் வைத்தார். கல்வியை அலங்காரமாகவோ புண்ணியமாகவோ மட்டும் கருதாமல், ஒரு நாட்டின் பொருள் வாழ்வோடு சேர்த்து எண்ணிய மரபு நம்முடையது. அந்த மரபின் கண்கொண்டே ஊவாவின் மலைகளை நோக்குவோம்.

தாமதமாக வந்த பள்ளிக்கூடம்

பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்து வரப்பட்ட மக்கள், 1869 ஆம் ஆண்டில் தோன்றிய இலைநோயினாற் கோப்பி அழிந்த பின்னர்த் தேயிலைக்குக் கை மாறினர். அப்புத்தளை, பண்டாரவளை, ஹாலி எல, தெமோதரை, நமுனுகுல, பசறை, மடுல்சீமை, லுணுகலை என ஊவா மாகாணத்தின் மலைகள் பசுமையாயின. அப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பேத்தன்னைத் தோட்டத்தை லிப்டன் துரை 1890 ஆம் ஆண்டில் வாங்கியதும், 1924 ஆம் ஆண்டில் புகையிரதம் பதுளையை வந்தடைந்ததும் யாவரும் அறிந்தனவே. உலகெங்கும் இம்மண்ணின் தேயிலை சென்றது. ஆனால் அதைப் பறித்தவரின் பிள்ளைக்கு எழுத்து வந்து சேர நெடுங்காலம் ஆயிற்று.

1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைச் சட்டம், ஆறு முதற் பத்து வயது வரையிலான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியில் எழுத்தறிவிக்கும் கடமையைத் தோட்ட முகாமையாளர் மீது சுமத்தியது. சட்டம் இருந்தது, மனம் இருக்கவில்லை. பிள்ளைகள் படித்துவிட்டால் நாளைக்குக் கொழுந்து எடுப்பவர் யார் என்ற எண்ணம் முதலாளிமாரிடையே வேரூன்றியிருந்தது. ஆகவே ஒரு கொட்டகை, ஓர் ஆசிரியர், ஐந்தாம் வகுப்போடு முடியும் படிப்பு என்ற அளவிலேயே பெரும்பாலான தோட்டப் பாடசாலைகள் நின்றுவிட்டன.

1945 ஆம் ஆண்டில் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலங்கையில் இலவசக் கல்வி மலர்ந்தது. குடியானவரின் பிள்ளைகள் மருத்துவராகவும் பொறியியலாளராகவும் உயர்வதற்கு வழி திறந்த நாள் அது. தோட்டப் பாடசாலைகளோ அவ்வாயிலுக்கு வெளியே நின்றன. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் மலையக மக்கள் தம் பிரதிநிதிகள் எழுவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பினர். பதுளைத் தொகுதியிலிருந்து சென்ற எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். மறு ஆண்டிலேயே, 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் அம்மக்களுட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். வாக்கு இல்லாதவரின் பள்ளிக்கூடத்தைப் பற்றி யார் கவலைகொள்வார்? 1964 ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர், எந்த நாட்டிலே தம் பிள்ளை வளரப் போகிறது என்பதே தெரியாத நிலையில் பல குடும்பங்கள் காத்துக் கிடந்தன.

1972 ஆம் ஆண்டிலும் 1975 ஆம் ஆண்டிலும் காணிச் சீர்திருத்தங்களின் வழியே தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன் பின்னரே, 1977 ஆம் ஆண்டு முதற்கொண்டு, தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கிற்று. இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். இலவசக் கல்வி பிறந்த 1945 இல் ஆறு வயதாயிருந்த ஒரு தோட்டத்துக் குழந்தைக்கு, 1977 இல் வயது முப்பத்தெட்டு. அதற்குள் அக்குழந்தை கொழுந்தெடுத்து, மணமுடித்து, தன் பிள்ளைகளையும் மலைக்கு அனுப்பியிருக்கும். நாட்டின் பிற பகுதிகள் ஏணியில் ஏறிக்கொண்டிருந்த முப்பத்திரண்டு ஆண்டுகளில், இங்கே ஒரு முழுத் தலைமுறை ஏணியின் காலையே காணவில்லை. இன்றைய தோட்டத்து வறுமைக்குக் காரணம் தேடுவோர் இந்தக் கணக்கை மறந்து தேடுதல் தகாது.

புள்ளிவிவரம் கூறும் செய்தி

தொகைமதிப்பு, புள்ளிவிவரத் திணைக்களம் காலத்துக்குக் காலம் குடும்ப வருமானத்தையும் செலவையும் அளந்து வெளியிடுகின்றது. 2006/07 ஆம் ஆண்டில் இலங்கையில் வறியோர் நூற்றுக்கு 15.2 வீதம், தோட்டப் பகுதிகளில் 32 வீதம். 2012/13 இல் முறையே 6.7 வீதமும் 10.9 வீதமும் ஆயின. இடைவெளி குறைகின்றது என்று நாம் மகிழ்ந்தோம். 2016 இல் நாட்டில் 4.1 வீதம், தோட்டத்தில் 8.8 வீதம். பின்னர் வறுமைக்கோடு புதிதாக வரையப்பட்டது. அந்தப் புதிய கோட்டின்படி 2019 இல் நாட்டில் 14.3 வீதம், தோட்டத்தில் 33.8 வீதம்.

புதிய கோட்டின் எண்ணைப் பழைய கோட்டின் எண்ணோடு நேராக ஒப்பிடுதல் பொருந்தாது. ஆயினும் ஒன்று தெளிவு. எந்த அளவுகோலைக் கொண்டு அளந்தாலும், நாட்டின் சராசரியைப் போல இரு மடங்குக்கு மேற்பட்ட வறுமை தோட்டங்களிலே தங்கி நிற்கின்றது. சற்று நெருங்கி வந்தாலும் மீண்டும் விலகிச் செல்கின்றது. 2021 ஆம் ஆண்டில் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாயிற்று. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாவாக உயர்ந்தது. ஆயினும் குறித்த நிறைக்குக் கொழுந்து இல்லையேல் "அரைப்பேர்" என்னும் வழக்கம் உள்ள தோட்டங்களில், கையில் வருவது அறிவிக்கப்பட்ட தொகையாக இருப்பதில்லை. இடையே 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் மாவும் ஏறிய விலைக்குக் கூலி ஈடுகொடுக்கவில்லை. சம்பளத்தை மட்டும் நம்பியிருப்பவரின் வறுமை, விலைவாசி என்னும் காற்றடித்தாற் சாயும் கொடியாகவே உள்ளது. பற்றிக்கொள்ள வேறொரு கொம்பு வேண்டும். அக்கொம்பே கல்வி.

வரவு இடாப்பிற் கண்ட வறுமை

வறுமை பள்ளிக்கூடத்துள் எவ்வாறு நுழைகின்றது என்பதை நாம் நூல்களிற் கற்றதைவிட, வரவு இடாப்பிற் கற்றதே அதிகம். சில ஆண்டுகளுக்கு முன் நம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். மலைக்கு மேலே, பஸ்ஸுக்கு நெடுந்தூரம் நடந்துவர வேண்டிய ஒரு தோட்டத்துப் பிள்ளை. கணக்கிற் கெட்டி. ஆயினும் ஒவ்வொரு மாதமும் சில நாட்கள் வரமாட்டாள். ஒரு நாள் வகுப்பின் நடுவே அவளை எழுப்பி நிறுத்தி, சோம்பலைப் பற்றி ஒரு சொற்பொழிவே செய்துவிட்டோம். அவள் தலை குனிந்தபடி, "சம்பளம் போட்டவுடனே ஒழுங்கா வந்துருவேனுங்க சேர்" என்றாள்.

அன்று மாலை இடாப்பைப் புரட்டினோம். அவள் வராத நாட்கள் யாவும் மாதத்தின் முதற் பத்து நாட்களுக்குள்ளேயே விழுந்திருந்தன. அவள் பெயர் மட்டுமன்று. தோட்டங்களிலிருந்து வரும் வேறு ஐந்தாறு பேரின் பெயர்களுக்கு நேரேயும் அவ்வாறே வெற்றிடங்கள். தோட்டத்திற் சம்பளம் கொடுப்பது பத்தாம் திகதியளவில். மாணவருக்கான பஸ் பருவச்சீட்டு வாங்க வேண்டியதோ மாதம் பிறக்கும்போது. அரசு மானியம் அளித்து மலிவாக்கிய சீட்டுத்தான் அது. ஆனால் மலிவான சீட்டுக்கும் காசு அந்த நாளில் வேண்டுமன்றோ? பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம், கல்வி இலவசம். அத்தனை இலவசத்துக்கும் பள்ளிக்கும் இடையே பத்து நாட் பள்ளம் ஒன்று கிடந்தது. இடாப்பை நாள்தோறும் எழுதிய நமக்கே அது தெரியாமற் போயிற்று. அந்தப் பிள்ளையைச் சோம்பேறி என்று நாற்பது பேர் முன்னிலையிற் கூறியதற்காக இன்றும் நாம் வெட்கப்படுகிறோம்.

வறுமை என்பது பணம் இல்லாமை மட்டுமன்று. வேண்டிய நாளில் இல்லாமையும் வறுமையே. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில் ஏழு பேர் உறங்கும் இடத்தில் வீட்டுப்பாடம் எழுத மூலை இல்லாமையும் வறுமையே. அம்மா மலைக்குப் போனால் காய்ச்சற்காரத் தம்பியைப் பார்த்துக்கொள்ள அக்காள் நிற்க வேண்டியிருப்பதும் வறுமையே. 2021 ஆம் ஆண்டில், பெருந்தொற்றினாற் பள்ளிகள் மூடப்பட்டுப் பாடங்கள் கைப்பேசிக்குள் புகுந்தபோது, லுணுகலைப் பக்கத்துப் பொஹிட்டியாவ என்னும் சிங்களச் சிற்றூரின் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டு வழியே நடந்து பாறை உச்சியில் ஏறிப் படித்த செய்தி உலகமெங்கும் பரவியது. தமிழ்த் தோட்டமாயினும் சிங்களக் கிராமமாயினும் ஊவாவின் ஏழைப் பிள்ளைக்குப் பள்ளி தூரந்தான்.

பள்ளி வறுமையை வெல்லும் வழி

இனி மறுபக்கத்தை நோக்குவோம். பள்ளிக்கூடம் வறுமையை உண்மையிலேயே குறைக்கின்றதா? குறைக்கின்றது, ஆனால் மந்திரத்தாலன்று, மூன்று வழிகளால்.

முதலாவது, தொழில். தோட்டப் பாடசாலைகளை அரசு ஏற்றபின் ஆசிரியர் தேவைப்பட்டனர். தோட்டத்துப் பிள்ளைகளே படித்துப் பயிற்சி பெற்று அவ்விடங்களை நிரப்பினர். பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி இதற்குப் பெரிதும் துணையாயிற்று. மாதந்தோறும் தவறாத சம்பளம் ஒரு லயக் குடும்பத்துள் முதன்முதலாக நுழைந்தது. அதனால் அண்ணன் வாங்கிய கடன் அடைந்தது. தங்கை உயர்தரம் வரை படித்தாள். ஒருவர் ஏறிய ஏணியில் மூவர் ஏறினர்.

இரண்டாவது, தாயின் எழுத்தறிவு. படித்த தாயின் குழந்தை பிழைத்து வளரும் வாய்ப்பு மிகுதி என்பது உலக நாடுகள் பலவற்றின் ஆய்வுகளிற் கண்ட உண்மை. மருந்துச் சிட்டையை வாசிப்பவள், தடுப்பூசி நாளை மறவாதவள், மகளைப் பதினாறு வயதில் மணமுடிக்க மறுப்பவள் அவளே.

மூன்றாவது, ஏமாறாமை. சம்பளச் சிட்டையிற் பிடித்த தொகை எதற்கு என்று கேட்கவும், தராசின் முள்ளைப் பார்க்கவும், பிறப்புச் சான்றிதழிற் பெயர் பிழையாக எழுதப்பட்டால் அன்றே திருத்தவும் எழுத்தறிவு வேண்டும். ஓர் எழுத்துப் பிழையினால் அடையாள அட்டைக்கு அலைந்து வேலை இழந்தவர்களை நாம் அறிவோம். 1988 இலும் 2003 இலும் இயற்றப்பட்ட சட்டங்களால் நாடற்றோர் என்ற நிலை நீங்கியது. ஆயின் சட்டம் தரும் உரிமையைக் கையில் வாங்குவதற்கு ஒரு படிவத்தை நிரப்பத் தெரிந்திருக்க வேண்டுமல்லவா?

எத்தகைய பள்ளி?

ஆனால் பள்ளியைச் சீர்திருத்துவது என்றால் சுவருக்கு வெள்ளை பூசுவது என்று பொருளன்று. ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். பதுளை நகரின் பசறை வீதியிலேயே 2005 ஆம் ஆண்டில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அங்கே தேயிலைத் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு பட்டப்படிப்பு உண்டு. அதன் வாயிலைக் கடந்தே நம் தோட்டத்துப் பிள்ளைகளின் பஸ் நாள்தோறும் செல்கின்றது. ஆனால் அப்படிப்பிற் சேர உயர்தரத்தில் விஞ்ஞானம் கற்றிருக்க வேண்டும். தோட்டப்புறத் தமிழ்ப் பாடசாலைகளுள் உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் கற்பிக்கப்படுபவை மிகச் சிலவே. நான்கு தலைமுறையாகத் தேயிலையைத் தொட்டு வளர்ந்த குடும்பத்துப் பிள்ளைக்குத் தேயிலையின் விஞ்ஞானம் எட்டாக் கனியாவதற்குக் காரணம் அறிவுக் குறைவன்று. இரசாயனம் கற்பிக்க ஓர் ஆசிரியர் இல்லாமையே. வந்த ஆசிரியரும் இரண்டாம் ஆண்டில் இடமாற்றம் தேடிப் போய்விடுவர். இதிற் படித்த நம்மவரின் குற்றமும் உண்டு. மலைக்கு வர மறுக்கும் ஆசிரியர் யாவரும் அயலாரல்லர்.

வயிற்றையும் மறத்தலாகாது. தமிழ்நாட்டிலே காமராசர் 1956 ஆம் ஆண்டில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். 1982 இல் எம். ஜி. ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரித்தார். 2022 இல் அங்கே காலை உணவும் சேர்ந்தது. பசியைப் போக்குவது தருமம் என்ற எண்ணத்தோடு, பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்து வரும் வழியும் அதுவே என்று கண்ட நாடு அது. வடகிழக்கே அஸாமிலும் நம்மைப் போன்றே தேயிலை மக்கள் உளர். அவர்தம் தோட்டப் பள்ளிகளும் நெடுங்காலம் ஆரம்ப வகுப்புகளோடு நின்றவையே. 2022 ஆம் ஆண்டில் அம்மாநில அரசு தேயிலைத் தோட்டங்களில் மாதிரி உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தது. தேயிலை வளரும் மண்ணில் உயர்கல்வி வளராது என்பது இயற்கை விதியன்று.

"படித்தவன் மலையை விட்டுப் போய்விடுகிறானே" என்று பெரியவர்கள் வருந்துவதுண்டு. நியாயமான வருத்தமே. ஆனால் படியாதவனும் மலையிலே நிற்கின்றானில்லை. ஒன்பதாம் வகுப்போடு நின்ற பையன் கொழும்பிலே சாப்பாட்டுக் கடையில் மேசை துடைக்கின்றான். பெண்பிள்ளை யாரோ ஒருவரின் வீட்டிற் பாத்திரம் கழுவுகின்றாள். இருவரும் போகின்றனர். கையிற் சான்றிதழோடு போகின்றனரா, வெறுங்கையோடு போகின்றனரா என்பதே வினா.

மீரியபெத்தை கற்பித்த பாடம்

2014 ஆம் ஆண்டு அக்டோபர் 29 ஆம் நாட் காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தைத் தோட்டத்தின் லயங்களை மலை சரிந்து மூடியது. அவ்வேளை பள்ளிக்குப் புறப்பட்டுப் போயிருந்த சிறுவர் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது அவர்தம் வீடு இருந்த இடத்திற் சேறுதான் இருந்தது. அயலிலிருந்த பள்ளிக்கூடங்களே அம்மக்களுக்குத் தங்குமிடமாயின. 2025 நவம்பர் இறுதியில் வீசிய டிட்வா புயலிலும் பதுளை மாவட்டம் மண்சரிவுகளாற் பெருந்துயர் உற்றது. பள்ளி உயிரைக் காக்கின்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே வேளை, பிள்ளை திரும்பிச் செல்லும் வீடு உறுதியாக இல்லாதவிடத்துப் பள்ளி மட்டும் என்ன செய்யும் என்பதற்கும் அதுவே சான்று. வீடு, கூலி, பள்ளி ஆகிய மூன்றும் ஓர் அடுப்பின் மூன்று கற்கள். ஒன்று சரிந்தாலும் பானை நில்லாது.

நாம் செய்யக் கூடியது

அரசு செய்ய வேண்டியவை பல. விஞ்ஞான ஆசிரியரை மலைக்கு அனுப்புவதும், அவர் தங்குவதற்கு ஒரு விடுதி அமைப்பதும், காலையில் ஒரு வேளை உணவு கொடுப்பதும் அதன் கடமைகள். அவற்றைக் கேட்பது நம் உரிமை. ஆயினும் கேட்டுக்கொண்டே காத்திருக்கும் காலத்தில் ஒரு பிள்ளையின் பள்ளிப் பருவம் கழிந்துவிடும். 1945 இல் ஆறு வயதாயிருந்த குழந்தையை நினைவிற் கொள்க.

இடாப்பைப் புரட்டிய அந்த மாதத்துக்குப் பின்னர், நம் ஆசிரியர் அறையில் நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு சிறு தொகை ஒதுக்கினோம். மாதத் தொடக்கத்திற் பருவச்சீட்டுக்குப் பணம் கொடுப்பது. பத்தாம் திகதிக்குப் பின் பெற்றோர் திருப்பித் தருவது. தானமன்று, பத்து நாட் கடன். வாங்குவோரின் தன்மானமும் கெடவில்லை. திரும்பி வராத கடன் மிகச் சிலவே. அந்த மாணவி உயர்தரத்திற் கணிதம் எடுத்தாள். முதல் முறை ஒரு பாடம் தவறியது. மறு முறை எழுதித் தேறினாள். இன்று ஒரு தோட்டப் பாடசாலையில் ஆறாம் வகுப்புக்குக் கணக்குக் கற்பிக்கின்றாள். சென்ற தைப்பொங்கலன்று வீட்டுக்கு வந்தவள், தன் வகுப்பின் இடாப்பிலும் முதற் பத்து நாட்களையே முதலிற் பார்ப்பதாகக் கூறினாள்.

ஆதலின், பெற்றோரே, பிள்ளை வகுப்பில் எந்நாளில் வரவில்லை என்பதை ஆசிரியரிடம் கேட்டறியுங்கள்; ஏன் வரவில்லை என்பதை வெட்கமின்றிக் கூறுங்கள். மாணவர்களே, உயர்தரம் படிப்போர் லயத்துச் சிறுவர் நால்வருக்கு மாலையில் ஒரு மணி நேரம் வாசிக்கக் கற்றுக் கொடுங்கள். ஆசிரியர்களே, வராத பிள்ளையை வைவதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். பாதையின் நடுவே மகளின் கழுத்துப்பட்டியை நேராக்கிவிட்டு மலை ஏறும் தாய் தன் பங்கைச் செய்துவிட்டாள். எஞ்சியது நம் பங்கு.